விட்டு விட்டு வரும் பழுது

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையில் சிலம்பைப் பற்றியும் குறளைப் பற்றியும் அறிஞர்கள் பேசக் கேட்டுப் பழகியவர்கள் நீங்கள். பத்தாம் வகுப்புத் தேறி, கரக்பூர் பார்சல் ஆபீஸில் ரசீது எழுதிக் காலம் கழிக்கும் என்னை அழைத்து, இருதயத்தைப் பற்றிப் பேசு என்று பணித்த செயலாளரின் துணிவை வியக்கிறேன். நான் மருத்துவன் அல்லன், நோயாளி. நோய் இன்னதென்று அறியாமல் மூன்று ஆண்டுகள் அலைந்த நோயாளி. என்னுடைய மார்பில் இப்போது ஒரு சிறு இயந்திரம் இருக்கிறது. அது எப்படி அங்கே வந்து சேர்ந்தது என்பதைச் சொல்லவே நிற்கிறேன். இடையிடையே டாக்டர்களிடம் கேட்டறிந்ததும், பின்னர் நானாகப் படித்தறிந்ததும் வரும்.

2018ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், பூஜை விடுமுறைக்கு முந்தைய வாரம். பார்சல் மூட்டைகள் மலைபோலக் குவிந்திருந்தன. எடை மேடையின் அருகே நின்று எண்களைக் குறித்துக் கொண்டிருந்தேன். அடுத்து நான் அறிந்தது, தரையில் கிடக்கிறேன், நாலைந்து முகங்கள் என்னைக் குனிந்து பார்க்கின்றன என்பதுதான். தலைசுற்றல் இல்லை, கண் இருட்டவில்லை, வியர்வை இல்லை. விளக்கை அணைத்து ஏற்றியது போல இருந்தது. மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள். ஈ.சி.ஜி. படம் எடுத்தார்கள். எல்லாம் இயல்பு என்றார்கள். “களைப்பு, நன்றாகச் சாப்பிடுங்கள்” என்றார்கள். நன்றாகச் சாப்பிட்டேன்.

2019 ஜூனில் வீட்டில் விழுந்தேன். அதே ஆண்டு நவம்பரில் மூன்றாம் முறை. அதை நினைத்தால் இன்றும் உடல் நடுங்குகிறது. பிளாட்பாரத்தின் விளிம்பில், வந்துகொண்டிருந்த வண்டியின் பார்சல் வேனை எதிர்நோக்கி நின்றிருந்தேன். விழுந்தது தண்டவாளத்தின் பக்கமாக. ஆந்திரத்துப் போர்ட்டர் ஒருவர் “பாபு, பாபு” என்று கூவிக்கொண்டே என் சட்டைக் காலரைப் பற்றி இழுத்தார். காலர் கிழிந்தது, நான் பிழைத்தேன்.

இந்த மூன்றாவது வீழ்ச்சியை நான் மறைத்தேன். ரயில்வேத் தோழர்களுக்குக் காரணம் விளங்கும். மயக்கம் வருகிறது என்று மருத்துவ ஏட்டில் ஏறிவிட்டால் தகுதி என்னாகும், வேலை என்னாகும் என்ற அச்சம். மனைவியிடமும் சொல்லவில்லை. காலர் கிழிந்ததற்கு மூட்டையின் கம்பி என்று காரணம் சொன்னேன். இதற்கிடையில் ஆபீஸில் சிலர், நான் பணிநேரத்தில் குடித்துவிட்டு விழுகிறேன் என்று பேசத் தொடங்கினர். அந்தப் பேச்சு என் காதில் விழுந்த நாளில் நோயைவிட அதுவே பெரிதாகப் பட்டது.

கடைசியில் அந்தப் போர்ட்டரே வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொல்லிவிட்டார். அதன்பின் பரிசோதனைகள் வரிசையாக நடந்தன. எக்கோ எடுத்தார்கள்; இயல்பு. மூளையை ஸ்கேன் எடுத்தார்கள், இயல்பு. ஹோல்டர் என்னும் கருவியை மார்பில் ஒட்டி ஒரு பகலும் இரவும் அணியச் சொன்னார்கள்; அதுவும் இயல்பு. ஒரு டாக்டர், இது காக்காய் வலிப்பின் ஒரு வகை என்று தீர்மானித்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஓராண்டுக்கு மேல் அதை விழுங்கினேன். நாளெல்லாம் தூக்கம், கணக்கில் பிழை. ஊரிலிருந்து என் தாயார் மந்திரித்த கயிறு அனுப்பினார். அதையும் கட்டிக்கொண்டேன், அதனால் தூக்கம் வரவில்லை என்பதை நன்றியுடன் சொல்ல வேண்டும்.

அந்நாளில் எனக்குத் தெளிவு தந்தவர் டாக்டர் அல்லர். சிக்னல் பகுதியில் பணிபுரியும் நண்பர் ஒருவர். என் ரிப்போர்ட்டுகளை எல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “ஐயா, எங்கள் வேலையில் மிகக் கொடியது அறுந்த கம்பி அன்று. அறுந்த கம்பியை அரைமணியில் கண்டுபிடித்து விடுவோம். விட்டு விட்டு வரும் பழுதுதான் எங்களைக் கொல்லும். சிக்னல் விழாது, வண்டி நிற்கும், ஓடிப்போய்ப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். இன்ஸ்பெக்டர் வந்தால் பழுது ஓடிப்போகும். அதற்காகத்தான் ரிலே அறையில் டேட்டா லாக்கர் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு ரிலேயும் எந்த விநாடியில் எழுந்தது, எந்த விநாடியில் விழுந்தது என்று அது இரவும் பகலும் எழுதிக்கொண்டே இருக்கும். உங்கள் உடம்புக்கு அப்படி ஒன்று வேண்டும்.”

அவர் விளையாட்டாகச் சொன்னார். அப்படி ஒன்று உண்மையிலேயே உண்டு என்பது எங்கள் இருவருக்கும் அன்று தெரியாது.

நிற்க. இருதயம் எவ்வாறு துடிக்கிறது என்பதைச் சற்றே சொல்லிவிடுகிறேன். ஒரு நாளில் அது ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. மூளை கட்டளையிட்டுத்தான் துடிக்கிறது என்று நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அது தவறு. மூளையிலிருந்து வரும் நரம்புகள் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் கட்டளை இருதயத்துக்குள்ளேயே பிறக்கிறது. வலது மேலறையின் உச்சியில் உள்ள ஒரு சிறு திசுக் கணு, ஓய்வாக இருக்கும் மனிதனில் நிமிஷத்துக்கு 60 முதல் 100 முறை வரை மின்துடிப்பை எழுப்புகிறது. கீத், ஃபிளாக் என்ற பிரிட்டிஷ் அறிஞர் இருவர் இதை 1907இல் கண்டு சொன்னார்கள். அம்மின்துடிப்பு மேலறைகளில் பரவி, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மற்றொரு கணுவை அடைகிறது. நம் மொழியில் சொன்னால் அது ஒரு ஜங்ஷன். மேலிருந்து கீழே செல்ல முறையான வழி அது ஒன்றே. அங்கே துடிப்பு ஒரு கணம் தாமதித்து, மேலறை தன் ரத்தத்தைக் கீழே இறக்கி முடித்த பிறகே கீழறைக்குச் செல்கிறது. இந்த ஜங்ஷனை 1906இல் விளக்கியவர் தவாரா என்ற ஜப்பானியர். ஜெர்மனியில் மார்பர்க் நகரில் ஆராய்ச்சிக்காகத் தங்கியிருந்தவர். பிழைப்புக்காகவோ கல்விக்காகவோ ஊரைவிட்டு வந்து பேர் வாங்கியவர்களை நம் சங்கம் சற்றுக் கூடுதலாகப் போற்றுவது இயல்பன்றோ!

ஜங்ஷனில் அடைப்பு ஏற்பட்டால் மேலறைகள் முறையாகத் துடித்துக்கொண்டிருக்கும்; கட்டளை கீழே போய்ச் சேராது. கீழறை நின்றுவிட்டால் மூளைக்கு ரத்தம் இல்லை. சில விநாடிகளில் மனிதன் விழுந்துவிடுவான். அடைப்பு நிலையாக இருந்தால் சாதாரண ஈ.சி.ஜி.யிலேயே தெரிந்துவிடும். விட்டு விட்டு வந்தால்? ஈ.சி.ஜி. படம் பதிவு செய்வது பெரும்பாலும் 10 விநாடிகளை. ஒரு நாளுக்கு 86,400 விநாடிகள். நான் விழுந்து, எழுந்து, ஆட்டோவில் ஏறி, சீட்டு வாங்கி, வரிசையில் அமர்ந்து, பிறகு படுக்கையில் படுத்து எடுத்துக்கொண்ட அந்த 10 விநாடிகளில் என் இருதயம் மிக ஒழுங்காக நடந்துகொண்டது. படம் பொய் சொல்லவில்லை. கேள்வியைத்தான் நேரம் கடந்து கேட்டோம்.

2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் கொல்கத்தாவில் முதிய இருதய மருத்துவர் ஒருவரைக் கண்டோம். அவர் என் ரிப்போர்ட்டுகளைத் தொடவே இல்லை. “விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர் யார்?” என்று கேட்டார். என் மனைவி முன்வந்தாள். 2019 ஜூனில் சமையலறை வாசலில் நான் விழுந்ததை அவள் இப்படிச் சொன்னாள்:

“முகம் சாம்பல் பூத்தது போல வெளுத்துவிட்டது, டாக்டர். கூப்பிட்டால் பதில் இல்லை. கை மட்டும் இரண்டு தரம் வெட்டியது. நான் தண்ணீர் கொண்டுவருவதற்குள் கண் விழித்தார். விழித்ததும் முகம் குப்பென்று சிவந்தது. ‘அடுப்பில் பால் இருக்கிறதே, போய்ப் பார்’ என்று என்னையே விரட்டினார்.”

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். “அம்மா, இதை இதற்கு முன் யாரிடமாவது சொன்னீர்களா?” என்றார். “யாரும் கேட்கவில்லையே” என்றாள் அவள். வலிப்பு நோயாளி விழித்த பின் பெரும்பாலும் நெடுநேரம் குழம்பிக் கிடப்பான். பால் பொங்குவதை நினைக்க மாட்டான். முகம் வெளுப்பதும், ரத்தம் திரும்பியதும் சிவப்பதும், உடனே தெளிவதும் இருதயம் நின்று மீண்டதைக் குறிக்கக்கூடும். மூளைக்கு ரத்தம் குறையும்போது கை கால் வெட்டுவதும் உண்டாம். எத்தனையோ ஆயிரம் ரூபாய் பெறும் ஸ்கேன்கள் காட்டாததை, பால் அடுப்பருகே நின்ற ஒருத்தியின் வாய்மொழி காட்டியது.

ஆயினும் ஐயம் வேறு, சான்று வேறு. சான்றுக்காக அவர் மொழிந்ததுதான் தோலுக்கடியில் வைக்கும் பதிவுக் கருவி. லூப் ரெக்கார்டர் என்பார்கள். நான்கரை சென்டிமீட்டர் நீளம், ஏழு மில்லிமீட்டர் அகலம், தீக்குச்சியைவிடச் சற்றுத் தடிமன். இடது மார்பில் மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு சிறு கீறல் கீறி, உள்ளே செலுத்திவிட்டார்கள். ஆன நேரம் என்னைச் சட்டை கழற்றச் சொன்ன நேரத்தைவிடக் குறைவு. இருதயத்துக்குள் எந்தக் கம்பியும் போவதில்லை. அது சிகிச்சை செய்யாது. எழுதுவது ஒன்றே அதன் தொழில். ஓயாமல் எழுதிப் பழையதை அழித்துக்கொண்டே வரும். துடிப்பு நின்றாலோ, மிகக் குறைந்தாலோ, கட்டுக்கடங்காமல் விரைந்தாலோ அந்தப் பகுதியை மட்டும் அழிக்காமல் காத்துவைக்கும். அதன் மின்கலம் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் வரும். படுக்கையருகே வைத்த ஒரு சிறு பெட்டி, இரவில் அதைப் படித்து மருத்துவமனைக்கு அனுப்பிவிடும். என் நண்பரின் டேட்டா லாக்கரே அது!

வைத்த பின் ஏழு மாதம் ஒன்றும் நிகழவில்லை. மார்பில் எதையோ சுமந்துகொண்டு, வராத பழுதுக்காகக் காத்திருப்பது விந்தையான நிலை. வரக்கூடாது என்றும் வேண்டினேன். வந்து தொலைத்தால் நல்லது என்றும் வேண்டினேன். செப்டம்பரில் ஒரு நாள் முற்பகல் 11 மணியளவில், கவுண்ட்டரில் நாற்காலியில் அமர்ந்தபடியே மேசைமீது சாய்ந்துவிட்டேன். அன்று மாலையே மருத்துவமனையில் அந்தப் பதிவைக் காட்டினார்கள். நீண்ட கோடு. அதில் மேலறைத் துடிப்பின் சிறு குன்றுகள் ஒழுங்கான இடைவெளியில் வரிசையாக வருகின்றன. கீழறையின் கோபுரங்கள் இல்லை. 14 விநாடி இல்லை. பிறகு ஒன்று, மற்றொன்று, பிறகு எப்போதும்போல. கேபினில் லீவரை இழுத்துக்கொண்டே இருக்கிறார்கள், வெளியே கைகாட்டி அசையவில்லை என்பதே அதன் பொருள்.

அந்தத் தாளைக் கண்டதும் நான் அழுதேன். நோயை எண்ணி அன்று. நான் குடிகாரன் அல்லன் என்று ஓர் இயந்திரமாவது எழுதிக் கொடுத்ததே என்றுதான். என் தகப்பனாரும் நினைவுக்கு வந்தார். அவர் இதே ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். இரண்டு முறை விழுந்து எழுந்து, “பித்தம்” என்று சொல்லிக்கொண்டு பணிக்குப் போனவர். 1997இல் மூன்றாம் முறை விழுந்து எழவில்லை. அவர் இறந்ததால் கிடைத்த வேலையே என் வேலை. அவருக்கும் இதுவேதான் என்று நான் சாதிக்க மாட்டேன். அதற்குச் சான்று இல்லை.

அந்த வாரத்திலேயே பேஸ்மேக்கர் பொருத்தினார்கள். இடது காறை எலும்பின் கீழே தோலுக்கடியில் ஒரு பை. அதில் தீப்பெட்டியைவிடச் சிறிது தட்டையான ஓர் உலோக வில்லை. அதிலிருந்து இரண்டு கம்பிகள் ரத்தக்குழாய் வழியே இருதயத்துக்குச் செல்கின்றன. ஒன்று மேலறைக்கு, ஒன்று கீழறைக்கு. மேலறையின் கட்டளையைக் கேட்டுக்கொண்டிருந்து, கீழறை உரிய நேரத்தில் துடிக்கவில்லை என்றால் மட்டும் அது தூண்டும். துடித்தால் சும்மா இருக்கும். மயக்க மருந்து இல்லை, மரத்துப்போகும் ஊசிதான். டாக்டர்கள் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததை நான் முழுவதும் கேட்டேன். மின்கலம் பத்தாண்டு அளவில் வரும். தீர்ந்தால் வில்லையை மட்டும் மாற்றுவார்கள். வலிப்பு மாத்திரையை டாக்டர் சொற்படி சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தினேன். திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

இந்தக் கருவியை உலகில் முதன்முதலாக உடலுக்குள் வைத்துக்கொண்டவர் ஸ்வீடன் நாட்டு அர்னே லார்சன். நாளொன்றுக்கு இருபது முப்பது தடவை மூர்ச்சையாகிக் கிடந்தவர். அவருடைய மனைவி எல்ஸ் மரீ என்பவர், டாக்டர் சென்னிங்கையும் பொறியாளர் எல்ம்க்விஸ்ட்டையும் விடாமல் நச்சரித்தார். மனிதருக்கு வைக்கும் அளவுக்குக் கருவி ஆயத்தமாகவில்லை என்றார்கள் அவர்கள். அந்த அம்மையார் கேட்கவில்லை. பூட்ஸ் பாலிஷ் டப்பாவை அச்சாக வைத்து, அதில் பிசின் ஊற்றி வார்த்த கருவியை 1958 அக்டோபர் 8ஆம் தேதி பொருத்தினார்கள். சில மணி நேரத்தில் அது நின்றது, மற்றொன்றை வைத்தார்கள். பிறகு இருபதுக்கு மேற்பட்ட கருவிகளை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, லார்சன் 2001 வரை, தம் 86ஆம் வயது வரை வாழ்ந்தார். அவருக்குச் சிகிச்சை செய்த சென்னிங்கும், கருவி செய்த எல்ம்க்விஸ்ட்டும் அவருக்கு முன்னரே மறைந்துவிட்டனர்! அவர் இறந்ததும் இருதயத்தால் அன்று, புற்றுநோயால்.

எல்லாத் துடிப்புக் கோளாறும் மெதுவாவது அன்று. என் பக்கத்து வார்டில் மேதினிப்பூரைச் சேர்ந்த ஒரு கல்லூரிப் பெண் இருந்தாள். அவளுக்குத் திடீரென்று இருதயம் நிமிஷத்துக்கு 200 தடவை ஓடும், திடீரென்றே நிற்கும். பரீட்சைப் பயம் என்று இரண்டு ஆண்டுகள் சொல்லிவந்தார்களாம். பிறவியிலேயே அவளுக்கு மேலறைக்கும் கீழறைக்கும் இடையே ஜங்ஷனைச் சுற்றிக்கொண்டு போகும் ஒரு கள்ளப் பாதை. மின்துடிப்பு ஒன்றன் வழியே இறங்கி மற்றொன்றன் வழியே ஏறி வட்டமிடும். உல்ஃப், பார்க்கின்சன், ஒயிட் என்ற மூவர் 1930இல் விவரித்த நோய் இது. 1968இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மார்பைப் பிளந்து அந்தப் பாதையை வெட்டினார்கள். இன்றோ தொடையின் ரத்தக்குழாய் வழியே மெல்லிய கம்பியைச் செலுத்தி, அதன் நுனிச் சூட்டால் சில மில்லிமீட்டர் இடத்தை மட்டும் பொசுக்கிவிடுகிறார்கள். அப்லேஷன் என்பது அதன் பெயர். பாதை ஜங்ஷனுக்கு மிக அருகில் இருந்தால் ஜங்ஷனும் கெட்டு, பேஸ்மேக்கர் தேவைப்படும் அபாயம் சிறிதளவு உண்டு. அதையும் சொல்லியே கையெழுத்து வாங்கினார்கள். மறுநாள் அவள் நடந்தே வீடு சென்றாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

பெரியோர்கள் அறிய வேண்டியது மற்றொன்று. வயதானவர்களுக்கு மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்கும் ஒரு கோளாறு வருவதுண்டு. நாடி தாறுமாறாக ஓடும். மேலறையில் ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம். அந்த அபாயம் ஏறக்குறைய ஐந்து மடங்கு என்கிறார்கள். அப்லேஷன் இதற்கும் உண்டு. 1998இல் பிரான்ஸின் போர்தோ நகர மருத்துவர்கள், இந்த நடுக்கம் பெரும்பாலும் நுரையீரலிலிருந்து வரும் ரத்தக்குழாய்களின் வாயிலில் தொடங்குவதைக் காட்டிய பிறகு வந்தது. ஆனால் மீண்டும் வருவதும், இரண்டாம் முறை செய்வதும் உண்டு. ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை, உடம்பு நன்றாக இருக்கிறதே என்று தாமாக நிறுத்திவிடக் கூடாது. மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்க்க யாரும் கற்கலாம்.

கூட்டத்துக்கு முன்பே சிலர் என்னிடம் கேட்டவற்றுக்கு விடை சொல்லிவிடுகிறேன். செல்போன் பேசலாம், இடது சட்டைப்பையில் வைக்கக் கூடாது, கருவியிலிருந்து ஒரு சாண் தள்ளியிருக்க வேண்டும். மிக்சி, டி.வி., மின்விசிறி எதற்கும் அஞ்ச வேண்டாம். இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி நிற்கிறேன். அதை என் மனைவி நம்ப மறுக்கிறாள், சமையலறைக்கு வராமலிருக்க நான் கண்ட உபாயம் என்கிறாள். பிளாட்பாரத்தில் மின்கம்பியின் கீழே நிற்கலாமா என்று டாக்டரைக் கேட்டேன். உம் வேலைக்குத் தடையில்லை என்றார். ஒர்க்‌ஷாப்பில் வெல்டிங் செய்யும் தோழர்களும், மின்கம்பிகளைப் பழுதுபார்க்கும் தோழர்களும் தங்கள் டாக்டரைத் தனியே கேட்டே தீர வேண்டும். எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் கருவி இருப்பதைச் சொல்ல வேண்டும். அதற்கென்றே ஓர் அடையாளச் சீட்டு உண்டு, இதோ என் பையில் இருக்கிறது.

இன்னொன்று, மங்கலமான மேடையில் சொல்லத் தயங்குகிறேன். ஆயினும் சொல்லாதிருப்பது பிழை. பேஸ்மேக்கர் வைத்தவர் இறந்தால், எரியூட்டும் முன் அதை எடுத்துவிட வேண்டும். தீயில் அது வெடிக்கும். மயானத்தில் நிற்பவர்களுக்கு ஊறு நேரும். மருத்துவமனையிலேயே சில நிமிஷத்தில் எடுத்துத் தருவார்கள். என் மகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். முதலில் காதைப் பொத்திக்கொண்டான். இப்போது நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறான்.

குடிகாரன் என்று பேசியவர்களில் ஒருவர் இங்கே அமர்ந்திருக்கிறார். சென்ற மாதம் அவருடைய தாயார் குழாயடியில் விழுந்தபோது அவர் முதலில் வந்தது என் வீட்டுக்குத்தான். முகம் வெளுத்ததா, விழித்ததும் யார் பெயரைச் சொன்னார் என்று என் மனைவிதான் கேட்டு எழுதிக் கொடுத்தாள். அந்தத் தாளுடன் அம்மையார் நாளைக் காலை முதல் லோக்கலில் கொல்கத்தா செல்கிறார்.

எடுத்துவிட்ட என் பதிவுக் கருவியைத் தீப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் செயலாளர் மேசையில் வைக்கிறேன். பார்க்க விரும்புவோர் பார்க்கலாம். குழந்தைகள் கையில் மட்டும் கொடுக்க வேண்டாம்.